ஐஸ்காரியின் கை

மீன் கிடங்கில் அவளை எல்லாரும் ஐஸ்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். உறைந்த மீனைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கையுறைக்கு மேல் கையுறை போட்டாலும் குளிர் எப்படியோ உள்ளே புகுந்து நகக்கண் வரை ஏறிவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்த பிறகும் அந்தக் கை சில்லென்றே இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவள் மேல் தெரியாத்தனமாகப் பட்டுவிட்டால், "அம்மாடி!" என்று அவள் துள்ளிக் குதிப்பாள். பிறகு இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

அவள் புருஷன் இஸ்திரிக்காரன். தெருமுனையில் வண்டி வைத்துத் தேய்ப்பவன் இல்லை. பெரிய சலவைக்கூடத்தில், ஆவி கக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பவன். அவன் கை நேர்மாறு. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் தூக்குவான். தேநீரை ஆற்றிக் குடிப்பவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். "நாங்க ரெண்டு பேரும் கை கோர்த்தா ஒரு கிளாஸ் வெந்நீர் ரெடி" என்று கல்யாணமான புதிதில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

நல்ல மனுஷன். சும்மா சொல்லக் கூடாது, பெண்டாட்டியைக் கை நீட்டி ஒரு நாளும் அடித்ததில்லை, பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தான். அதனால்தான் இதைச் சொல்லும்போது வாய் கசக்கிறது. கெட்டவன் செய்த தப்பாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பிறக்கும்போதே பொடிசு, ஆனால் அழுகை மட்டும் சுருக்கென்று காரமாக இருக்கும். அதனால் மிளகு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பகலில் மிளகைப் பார்த்துக்கொண்டவள் இஸ்திரிக்காரனின் தங்கை. மேலே படிக்க முடியாமல் வீட்டோடு இருந்த பெண், அண்ணன் போட்ட கோட்டைத் தாண்டாதவள். அண்ணியிடமும் பிரியம்தான். ஆனால் அண்ணியின் படபடப்பைக் கண்டால் பயம்.

படபடப்பு என்றேன் அல்லவா, அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

மிளகு உட்காரப் பழகியிருந்த சமயம். ஐஸ்காரி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்கினாள். நெற்றியில் கை வைத்தாள். அனலாகக் கொதித்தது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடி, பக்கத்துத் தெரு கிளினிக்கில் வரிசையை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "பிள்ளை கொதிக்குது டாக்டர்!" என்று கத்தினாள். டாக்டர் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். காய்ச்சலே இல்லை. மிளகு அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா வேலை பாக்குறீங்க?" என்றார் டாக்டர்.

சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தக் கைக்குச் செவுருகூடக் கொதிக்கும்மா. இனிமே வேற யாரையாச்சும் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவள் கைக்கு எல்லாமே சுடும், அது நிஜம். ஆனால் அந்தச் சிரிப்பு வீடுவரை வந்தது. இஸ்திரிக்காரன் அதை ஒரு கதையாக்கி, சலவைக்கூடத்தில் சொன்னான், மாமியார் வீட்டில் சொன்னான், பால்காரரிடம் சொன்னான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று வந்தது. காய்ச்சல் உண்டா இல்லையா என்று இஸ்திரிக்காரன்தான் சொல்ல வேண்டும்.

மாலையில் அவன் வந்ததும் மிளகு தத்தித் தத்தி எதிரே போய் நெற்றியை நீட்டும். அவன் முழங்காலிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கையை வைத்து, ஏதோ நீதிபதி மாதிரி கொஞ்ச நேரம் யோசிப்பான். பிறகு, "சுடலை!" என்று ஒரு சத்தம். மிளகு கை கொட்டிச் சிரிக்கும். தங்கையும் சிரிப்பாள். ஐஸ்காரியும் சேர்ந்து சிரித்தாள். ஆவியில் நாளெல்லாம் வெந்த கைக்குப் பிள்ளையின் நெற்றி எப்படிச் சுடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு கை பயமுறுத்தியது, இன்னொரு கை நிம்மதி கொடுத்தது. நிம்மதி கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனாலும் காய்ச்சல் வந்தது. யார் கையும் வேண்டாம், கண்ணாலேயே தெரிகிற மாதிரி வந்தது. மிளகு துவண்டு போய்க் கிடக்கும், கன்னம் சிவந்திருக்கும், வாயில் வைத்த சோற்றைத் துப்பிவிடும். அன்றைக்கு யாருக்கு வேலை இல்லையோ அவர் தூக்கிக்கொண்டு எந்தக் கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கே போவார். போகும் இடத்தில் எல்லாம் டாக்டர் புதிது, அவருக்கு மிளகின் காய்ச்சலும் புதிது. தொண்டையைப் பார்ப்பார், நெஞ்சில் குழாயை வைப்பார். "வைரல்தான், சரியாயிடும்" என்று ஒரு சிரப் எழுதிக் கொடுப்பார். ஓரிரு நாளில் சரியாகியும் போகும்.

சில சமயம் டாக்டரிடமும் போகாமல் மருந்துக்கடைக்காரர் கொடுத்த கிருமி மருந்தை ஊற்றினார்கள். காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்ததை அடுத்த காய்ச்சலுக்குப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். எந்த வீட்டில்தான் செய்யவில்லை?

ஒரு தடவை பல் முளைப்பதால் என்றார்கள். ஒரு தடவை மழையில் நனைந்ததால். ஒரு தடவை வந்துபோன விருந்தாளியின் கண் பட்டதால். ஐஸ்காரிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"ஏங்க, மத்த பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா மூக்கு ஒழுகுது, இருமுது. இதுக்கு ஒண்ணுமே இல்லாம வெறும் காய்ச்சலா வருதே?"

"மூக்கு ஒழுகலைன்னு ஒரு கவலையா? ஒழுகினா அதுக்கு ஒரு கவலை. உன்னை எதுல சேர்க்குறது ஐஸு?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணாடியைப் பிடித்து இழுத்த பிள்ளையோடு டாக்டர் முன்னால் அசடு வழிந்து நின்றது இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தன் கையையே நம்பக் கூடாது என்றான பிறகு, தன் மனசை எப்படி நம்புவது?

அப்புறம் அந்தப் பூப்போட்ட கவுன். போன வருஷம் வாங்கியது. கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை எடுத்து மிளகுக்கு மாட்டினாள். கச்சிதமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "பரவாயில்லையே, துணி செலவே இல்லாம வளக்குறியே!" என்றாள். ஐஸ்காரிக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. போன வருஷத்துக் கவுன் இந்த வருஷமும் எப்படிச் சரியாக இருக்கும்? அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பால்காரர் வரைக்கும் போகும்.

அவளுக்குத் தெரியாதது ஒன்றும் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது. மதியத்தில் மிளகுக்கு உடம்பு காய்ந்தால், தங்கைக்காரி ஓசைப்படாமல் சிரப்பைக் கொடுத்துவிடுவாள். தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இத்தனை தடவை காய்ச்சல் என்றால் தன்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம் ஒன்று, அண்ணி பதறுவாளே என்ற இரக்கம் ஒன்று. மாலையில் மருந்து வேலை செய்திருக்கும், உடம்பு கொஞ்சம் தணிந்திருக்கும். அண்ணன் வந்து கை வைத்து "சுடலை!" என்பான். அதைக் கேட்டதும் அவளுக்கும் மூச்சு வரும். அவள் வேறு ஒன்றையும் கவனித்திருந்தாள். அதை மென்று முழுங்கிவிட்டாள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் கிடங்குக்கு ஒரு லாரி வந்தது. பெட்டிகளை இறக்கி மேசைமேல் வைத்தார்கள். தொட்டால் கல் மாதிரி இருந்தன. கிடங்கின் மேஸ்திரி அம்மாள், முன்கோபக்காரி, ஒரு பெட்டியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். அங்கே நீர் ஓடி மறுபடி உறைந்த தடம்.

"பிரி இதை" என்றாள் ஐஸ்காரியிடம்.

லாரிக்காரர் குதித்தார். "என்னம்மா நீங்க? வழியில எத்தனை இடத்துல நிறுத்திப் பாத்தாங்க தெரியுமா? எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் அனுப்பினாங்க. இப்பவும் சில்லுனுதானே இருக்கு!"

"இப்ப சில்லுனு இருக்கு. நடுவுல சூடேறி இறங்கியிருக்கு, ஒரு தடவை இல்ல. பாத்தவங்க எல்லாம் குளிர்ந்திருந்த நேரத்துல பாத்திருக்காங்க. திரும்பத் திரும்பச் சூடேறின பெட்டியை வெளியில தடவிட்டு அனுப்புனா எனக்கு எதுக்கு இந்த வேலை? பிரிடி!"

ஐஸ்காரி கத்தியால் பட்டையை அறுத்தாள். மேல் வரிசை பளபளவென்று இருந்தது. அதைத் தூக்கினாள். அடியிலிருந்து வந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் மட்டும் கத்தியோடு அங்கேயே நின்றாள். மிளகின் முகம் கண்ணுக்குள் வந்துவிட்டது. ச்சீ, பிள்ளையைப் போய் எதோடு நினைக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அந்த முகம் போகவில்லை.

"என்னடி மரம் மாதிரி நிக்கிறே?" என்றாள் மேஸ்திரி.

"அக்கா, நான் வீட்டுக்குப் போகணும்."

"ஏன், என்னாச்சு?"

"தெரியலக்கா. போகணும்."

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, திட்ட வந்ததை விட்டுவிட்டு, "போ" என்றாள்.

வழியில் மருந்துக்கடையில் ஒரு வெப்பமானி வாங்கினாள். இத்தனை நாளாக அந்த வீட்டில் அது இல்லை. இரண்டு கைகள் இருக்கும்போது அது எதற்கு என்று இருந்துவிட்டார்கள். சந்துக்குள் திரும்பும்போதே அழுகை கேட்கவில்லை, சிரிப்பும் கேட்கவில்லை. நடையை வீசிப் போட்டாள்.

மிளகு பாயில் சுருண்டு கிடந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிடுகிடுவென்று அடித்தது. உதடு வெளுத்திருந்தது. தங்கைக்காரி சிரப் பாட்டிலும் கையுமாக மூலையில் நின்றுகொண்டிருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். பின்னாலேயே இஸ்திரிக்காரனும் வந்துவிட்டான். தங்கை போனில் கூப்பிட்டுச் சொன்னதும் சலவைக்கூடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்காலிட்டு நெற்றியில் கை வைத்தான்.

"சுடலையே" என்றான். "குளிருதுன்னு நடுங்குது. போர்வையைப் போர்த்து."

"கையை எடுங்க" என்றாள் ஐஸ்காரி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்து அவன் கேட்டதில்லை. அவள் மிளகின் அக்குளில் வெப்பமானியைச் செருகி, சின்னக் கையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வெப்பமானி கீச்சென்று கூவியது. எடுத்துப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். நூற்றி நாலைத் தாண்டியிருந்தது.

"இது கெட்டுப் போனதா இருக்கும். கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டிருப்பான். இரு." அவன் அதைத் துடைத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டான். மூன்று பேரும் காத்திருந்தார்கள். மிளகின் பல் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெப்பமானி கூவியதும் எடுத்துப் பார்த்தான். அவனுக்குச் சரியாகக் காட்டியது.

அவன் அதைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் கையைப் புரட்டிப் பார்த்தான். "இந்தக் கையாலதானே ஐஸு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

"உக்காந்து அழ நேரமில்ல. எழுந்திருங்க. இந்தத் தடவை கிளினிக் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயும் வாடி" என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவின் டாக்டர் அம்மா தலை நரைத்தவர், சிரிக்காதவர். தொண்டை, காது, நெஞ்சு, வயிறு எல்லாவற்றையும் பார்த்தார். எடை பார்க்கச் சொன்னார். எடையைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது. ஐஸ்காரி அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"அடிக்கடி வரும்ங்க. மூக்கு ஒழுகாது, இருமாது. வெறும் காய்ச்சல். ரெண்டு நாள்ல போயிடும். மறுபடி வரும். பிள்ளை வளரவே மாட்டேங்குதுங்க, போன வருஷத்துக் கவுன் இப்பவும் சரியா இருக்கு." டாக்டரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நான் பயந்தாங்கொள்ளின்னு நெனைச்சுக்காதீங்க டாக்டர்."

"நான் ஏன் அப்படி நெனைக்கப் போறேன்? சொல்லுங்க. ஒண்ணுக்குப் போகும்போது அழுவுதா?"

"தெரியலையே... பகல்ல நான் வேலைக்குப் போயிடுறேன்."

பின்னால் ஒரு விசும்பல். தங்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அழும் டாக்டர்" என்றாள். "முக்கி முக்கி அழும். அடம் பிடிக்குதுன்னு நெனைச்சு ரெண்டு தடவை அதட்டக்கூடச் செஞ்சேன். ஜட்டியெல்லாம் ஒரு மாதிரி நாத்தம் அடிக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. மத்தியானத்துல காய்ச்சல் வந்தா நானே சிரப் குடுத்துடுவேன்... அண்ணிக்குத் தெரியாது."

"ஏன்டி சொல்லல?" இஸ்திரிக்காரன் பாய்ந்தான். "ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீதான் சாயங்காலம் வந்து சுடலைன்னு சொல்லிட்டியே அண்ணே. நீ சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

அவனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மருந்து ஏற்றுவதற்கு முன்னால் சிறுநீர் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு கிண்ணத்தோடு காத்திருந்தாள். மிளகு அழுதது. அந்த அழுகையை ஐஸ்காரி முதல்முறையாகக் கேட்டாள். வழக்கமான காரமான அழுகை இல்லை அது. ரொம்ப நாளாகப் பழகிப்போன வலியின் அழுகை. கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டாள்.

சிறுநீரில் கிருமி இருந்தது. அடுத்து வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். டாக்டர் அம்மா அவர்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே ஐஸ்காரிக்கு விளங்கிவிட்டது.

"வெளிய வரவேண்டிய சிறுநீர், பின்னாடி சிறுநீரகத்துக்கே ஏறுதுன்னு நெனைக்கிறேன். பிறவியிலேயே சில பிள்ளைங்களுக்கு இருக்கும். அதோட கிருமியும் மேல ஏறும். வந்த காய்ச்சல்ல பாதிக்கு மேல இதுவாத்தான் இருந்திருக்கும். அரைகுறையா குடுத்த மருந்து அதை அமுக்கி வெச்சுதே தவிர ஒழிக்கல. இன்னும் ஒரு பரிசோதனை இருக்கு, உறுதியா சொல்ல. ஆனா இடது பக்கச் சிறுநீரகம்..." அவர் ஸ்கேன் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். "சுருங்கிப் போயிருக்கு. தழும்பு விழுந்திருக்கு. அது இனிமே வளராது."

"இன்னொண்ணு?" என்றாள் ஐஸ்காரி.

"நல்லா இருக்கு. அதைக் காப்பாத்தணும். மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சல்னா அன்னிக்கே சிறுநீர் பாக்கணும்."

"அத்தனை டாக்டருங்க பாத்தாங்களே" என்றான் இஸ்திரிக்காரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சின்னப் பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வர்றது சகஜம்தான். சளி, இருமல்னு வரும், போகும், பிள்ளை எடை போடும், விளையாடும். அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா காரணம் தெரியாம திரும்பத் திரும்ப வந்தா, எடை ஏறலைன்னா, அப்ப உள்ள பாத்தே ஆகணும். அவங்க ஒவ்வொருத்தரும் ஒரு காய்ச்சலைத்தான் பாத்தாங்க. எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தது இந்தம்மா ஒருத்திதான். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." டாக்டர் மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லாமலே மூன்று பேருக்கும் கேட்டது.

இந்தம்மா ஒருத்திதான். வேறு நேரமாக இருந்தால் ஐஸ்காரி அதைக் கேட்டுப் பூரித்திருப்பாள். இப்போது அது நெஞ்சில் ஈட்டியாக இறங்கியது. தெரிந்திருந்ததே! எல்லாம் தெரிந்திருந்ததே! ஒரு கிண்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேனே!

ஊசி மருந்து ஏற ஏற மிளகு தெளிந்தது. ஒரு நாள் காலை, ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தபோது எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. தங்கைக்காரி வாங்க ஓடினாள். இஸ்திரிக்காரன் கட்டிலுக்கு எட்டத்தில் நின்றான். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து பிள்ளையைத் தூக்கினான், தோளில் போட்டுத் தட்டினான், ஆனால் நெற்றிப் பக்கம் மட்டும் அவன் கை போகவே இல்லை. ஐஸ்காரி அதைக் கவனித்துத்தான் இருந்தாள். சொல்லிக் காட்டத் தோன்றவில்லை. அவன் மேல் கோபம் மலைபோல இருந்தது, இரக்கமும் இருந்தது.

மிளகு அப்பாவைப் பார்த்தது. குழாய் கட்டியிருந்த கையை ஒதுக்கிவிட்டு, மற்றக் கையால் "வா" என்றது. அவன் கிட்டே வந்து குனிந்தான். அது அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு காத்திருந்தது. கை கொட்டத் தயாராக இருந்தது.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"சொல்லுப்பா" என்றது மிளகு.

"எனக்குத் தெரியலடா தங்கம்" என்றான். "அப்பாவுக்குத் தெரியாது."

மிளகுக்கு விளையாட்டு புரியவில்லை. அப்பாவின் கையை விட்டுவிட்டு, நெற்றியை அம்மாவிடம் நீட்டியது. ஐஸ்காரி தன் கையைப் பார்த்தாள். அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு, மேசைமேல் இருந்த வெப்பமானியை எடுத்தாள்.